சின்ன எம் மச்சான்

உலகத்தில் நடக்கிற எல்லாக் குழப்பத்துக்கும் காரணம், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதுதான் என்று நம்பிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். சும்மா நம்பவில்லை, அப்படியே வாழ்ந்தும் காட்டினார். சாப்பிடும்போது பேச மாட்டார். பேசும்போது நடக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைக் கூட்டத்தின் நட்ட நடுவே அவருடைய போன் அடித்தால், அதே இடத்தில் நட்ட மரமாக நின்றுவிடுவார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோத, அவர் முதுகில் அடுத்தவர் மோத, காய்கறிப் பைகள் நசுங்க, அவர் "ஹலோ" சொல்லி முடிக்கிறவரை ஒரு தெருவே காத்திருக்கும்.

அலுவலக அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் 'ரெண்டுல ஒண்ணு'. எந்த வாதத்தையும் அவர் முடிப்பது அந்தச் சொல்லில்தான். "சார், கோப்பி குடிச்சிக்கிட்டே மீட்டிங் போடலாமா?" என்று கேட்டால், "கோப்பி, மீட்டிங். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மிஸ்டர்" என்பார். நாங்கள் கோப்பியைச் சொல்வோம். அவரும் நியாயமாக மீட்டிங்கை ரத்து செய்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய கொள்கை எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கள் அலுவலகம் டன்லப் ஸ்ட்ரீட்டில், ஒரு பிராட்டா, அதாவது பரோட்டா, கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கிளினிக்குகளில் "நம்பர் இத்தனை, அறை இரண்டுக்கு வரவும்" என்று நான்கு மொழியிலும் கூப்பிடுகிற மென்பொருள் செய்து விற்றோம். அதில் தமிழ்க் குரல் என் பொறுப்பு. அந்தக் கணினிகளுக்குள் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வது ரெண்டுல ஒண்ணின் பொறுப்பு.

அவருடைய வாழ்க்கைத் தத்துவமே இந்த வேலையிலிருந்துதான் வந்தது என்பது என் ஊகம். ஒருநாள் அவரே விளக்கினார். "புரோகிராம் ஓடும்போது மெமரியில இடம் கேக்கும். எழுதுறதுக்கு ஒரு இடம், ஓடுறதுக்கு ஒரு இடம். எழுதுற இடத்துல ஓடக் கூடாது, ஓடுற இடத்துல எழுதக் கூடாது. ரெண்டையும் ஒரே இடத்துல விட்டா, திருடன் உள்ள வந்து நாலு வரி எழுதுவான், அதையே ஓட்டிட்டும் போயிடுவான். அப்புறம் போலீசுக்கு நீங்க ஓடணும்."

இந்தக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு புரோகிராம் கோப்பின் நெற்றியிலும் ஒரு குறியாகப் போட்டு வைக்கலாம். அதற்கு ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் தட்டச்சுச் செய்ய வேண்டும். மவுஸைத் தொடுகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. கட்டளையின் கடைசியில் ஆங்கிலப் பெரிய எம் போட்டால் பூட்டு. சின்ன எம் போட்டால் அந்தக் கோப்புக்கு மட்டும் விலக்கு.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். வெளியிடத்தில் இருக்கிற கணினிக்கு அவர் இங்கிருந்து தட்ட மாட்டார். அவர் போனில் சொல்வார், அங்கே நேரில் இருப்பவர் தட்ட வேண்டும். "சொல்றவர் தட்டக் கூடாது, தட்டுறவர் சொல்லக் கூடாது." வம்பு இங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் அலுவலகப் பையன் ஹமீது, ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிற துவாஸில் ஒரு தொழிலாளர் விடுதி கிளினிக்குக்குப் போயிருந்தான். வெளியே லாரிச் சத்தம். இவர் போனில் "பெரிய எம்" என்றார். அவன் காதில் "எம்" மட்டும் விழுந்தது. தமிழில் படித்து வளர்ந்த பிள்ளை, நம் எழுத்தில் பெரிசு ஏது சின்னது ஏது. சின்ன எம்மைத் தட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போய்விட்டான். பூட்ட வேண்டிய கதவு இரண்டு நாள் ஆவென்று திறந்து கிடந்தது. நல்ல வேளை, திருடர்களும் துவாஸ் வரை வரச் சோம்பல் பட்டிருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்த அன்றைக்கே ரெண்டுல ஒண்ணு புதுச் சட்டம் கொண்டுவந்தார். "இனிமே பெரிய எம் மாமா. சின்ன எம் மச்சான். மாமா வந்தா வீடே அடங்கிடும், பூட்டு. மச்சான் வந்தா கேக்காமலே ஃபிரிட்ஜ் வரைக்கும் போவாரு, அவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். குழப்பமே வராது."

அடுத்த வாரமே வந்தது. போனில் "மாமாவப் போடுங்க" என்று இவர் சொல்ல, ஹமீது, "மாமா வர மாட்டாரு சார், கடைய யாரு பாக்குறது?" என்றான். அவன் மாமாவுக்கு டெக்கா சந்தையில் மளிகைக் கடை. "எந்தக் கடை?" என்று இவர் கேட்க, அவன் விலாசம் சொல்ல, அந்த உரையாடல் கொஞ்ச நேரம் மளிகையிலேயே ஓடியது.

அதோடு விட்டாரா. மச்சான் என்பது இனிமேல் தொழில்நுட்பச் சொல், ஆகவே அலுவலகத்தில் யாரும் யாரையும் மச்சான் என்று கூப்பிடக் கூடாது என்று தடை போட்டார். எங்கள் பையன்களுக்கு அந்தச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. "டேய், சாப்பிட்டியா ம..." என்று ஹமீது பாதியை விழுங்கிவிட்டு விக்குவான். எங்கள் எல்லோருக்கும் அவர் வைத்த ஒரே பெயர் மிஸ்டர். நான் ஒருமுறை "அண்ணே" என்றதற்கு, "அண்ணன், ஆபீஸ். ரெண்டுல ஒண்ணு" என்று மூக்கை அறுத்தார்.

ஹமீது கல்யாணத்தில் மைக் பிடித்து வரவேற்புரை சொன்ன பெரியவரே பிரியாணிச் சட்டியோடும் வந்தார். இவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "மைக்க வெச்சிட்டு வாங்க சார், காத்திருக்கேன்" என்றார். உண்மையிலேயே காத்திருந்தார். பிரியாணி ஆறிப்போனது.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு விலக்கு கேட்டுப் போய் நின்றேன்.

ஈசூனில் ஒரு கண் கிளினிக்குக்குப் புதுக் கணினி போனது. அதில் இவர் எல்லாவற்றுக்கும் மாமாவைப் போட்டு அனுப்பியிருந்தார். ஆங்கிலம், சீனம், மலாய்க் குரல்கள் வெளியில் வாங்கிய புதுச் சரக்கு, ஒழுங்காகப் பேசின. என் தமிழ்க் குரல் பழைய புரோகிராம். மெமரியில் தானே எதையோ எழுதி, எழுதிய இடத்திலேயே ஓட்டித்தான் அதற்குப் பேச வரும். வாயைத் திறந்ததும் கணினி அதைக் கொன்றுவிட்டது.

எங்கள் முதலாளி மிஸ் டான் நல்ல மனுஷி. ஆனாலும், "தமிழ் இல்லாட்டி பரவால்ல லா, ஸ்க்ரீன்ல நம்பர் வருதே. திங்கக்கிழமை காலையில பேசலைன்னா எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். அடுத்த கிளினிக்கும் "அவங்களுக்கு இல்லையே, எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கும். பிறகு எங்கேயும் அந்தக் குரல் இருக்காது.

"ஒரே ஒரு கோப்புக்கு மச்சான் போடுங்க சார்" என்றேன்.

"புரோகிராம மாத்தி எழுதுங்க மிஸ்டர்."

"மாசக் கணக்காகும் சார். அதுக்குள்ள தமிழே போயிடும்."

"பாதுகாப்பு, சொந்த பந்தம். ரெண்டுல ஒண்ணு."

அந்த நிமிடம் அவரைப் பிடித்துப் படிக்கட்டில் உருட்டிவிட வேண்டும் என்றே தோன்றியது.

திங்கள் காலை ஈசூன் கிளினிக்கில், கவுண்டருக்குப் பின்னால் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே வரிசையாக ஆட்கள். எல்லோர் கண்ணிலும் மருந்து விட்டிருந்தார்கள். இது கண் கிளினிக் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்க்ரீனில் நம்பர் பளபளவென்று வந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. சட்டைப் பையில் நம்பர் தெரியும்படி செருகிய சீட்டோடு ஒருவர் முன்வரிசையில் இருந்தார். கணினி அவர் நம்பரை ஆங்கிலத்தில் கூப்பிட்டது, சீனத்தில் கூப்பிட்டது, மலாயில் கூப்பிட்டது. தமிழ் வர வேண்டிய இடத்தில் அமைதி. அடுத்தவர் உள்ளே போனார்.

ரெண்டுல ஒண்ணுக்குப் போன் அடித்தேன். எடுத்தார். டெக்கா பக்கம் பஸ் இரையும் சத்தம் கேட்டது. அலுவலகத்துக்கு வருகிற வழியில் எங்கேயோ நட்ட மரமாக நிற்கிறார் என்று புரிந்தது. அவரே கேட்கட்டும் என்று போனை முன்வரிசைப் பக்கமாகக் கவுண்டரில் வைத்தேன்.

"யாராச்சும் என் நம்பரக் கூப்பிட்டாங்களாப்பா?" என்று முன்வரிசைக்காரர் பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். யாருக்கும் புரியவில்லை. "கூப்பிட்டா சொல்லுங்கப்பா. கண்ணு மங்கலா இருக்கு."

போனை எடுத்தேன்.

"அவர் நம்பர் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

அப்புறம் ஒரு வினோதமான சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம்.

"சார், நடந்துக்கிட்டா பேசுறீங்க?"

"ஓடிக்கிட்டு" என்றார். "ஆபீஸுக்கு வந்துட்டேன். மொதல்ல அந்தப் பெட்டிக்கு வெளியிலேருந்து வர்ற லைன நான் இங்கேருந்து அடைக்கிறேன். வாசல அடைச்சாச்சுன்னா உள்ள ஒரு கதவு திறந்திருக்கலாம். இருங்க."

படிக்கட்டு ஏறும் சத்தம். கீழே பிராட்டாக் கடைக்காரர், "என்ன சார், தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டதுகூட எனக்குக் கேட்டது. அந்தத் தெரு அவரை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு விசைப்பலகைச் சத்தம்.

"அடைச்சாச்சு. போடு மச்சான்."

என் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் வாயிலிருந்து மிஸ்டர் வரவில்லை. போடுங்களும் வரவில்லை. எழுத்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா?

"எதப் போட சார்?"

"மச்சான், மச்சான்" என்றார்.

சின்ன எம்மைத் தட்டினேன். தமிழ்க் குரலை மறுபடி ஓட்டினேன். கவுண்டர் பெண்ணிடம் சொல்லி, விட்டுப்போன நம்பரைத் திரும்பக் கூப்பிட வைத்தேன். ஆங்கிலம், சீனம், மலாய். அப்புறம் கொஞ்சம் கரகரப்பாக, என் பழைய குரல் தமிழில் கூப்பிட்டது. முன்வரிசைக்காரர், "நம்மளத்தான்" என்று எழுந்தார். எனக்கும் கண் மங்கலாகத்தான் இருந்தது. யாரும் மருந்து விடவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து அந்தப் புரோகிராமை மாற்றி எழுதினேன். முடிந்த அன்றே அவர் என்னை ஈசூனுக்கு அனுப்பி, போனில் மாமாவைப் போட வைத்தார். நானும் மறுபடி மிஸ்டர் ஆனேன்.

இப்போது ஓய்வுபெற்று பொங்கோலில் இருக்கிறார். மாலையில் நீர்க்கரையோரம் நடக்கும்போது நான் போன் செய்தால், பின்னால் சைக்கிள் மணிகள் கோபமாக அடிப்பது கேட்கும். நின்றுவிட்டார் என்று அர்த்தம். எல்லாம் பேசுவோம். அன்றைக்கு அவர் மச்சான் என்றது எழுத்தையா என்னையா என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. கேட்டால் ரெண்டுல ஒண்ணைச் சொல்லிவிடுவார். எனக்கு ரெண்டும் வேண்டும்.