முடிந்த ஆராய்ச்சிக்கு மட்டும் நிதி தருபவர்

இளம் விஞ்ஞானிகளுக்கு அரசாங்கம் நிதி கொடுக்கிறது என்றதும், அரசாங்கம் என்று ஒருவர் பெங்களூரில் உட்கார்ந்து அள்ளி நீட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நிபுணர் குழுத் தலைவர். மார்ச் பிறந்தால் போதும், எந்த ஊரில் இருந்தாலும் கழுத்தில் மஃப்ளரும் சட்டைப் பையில் நான்கு பேனாவுமாக ரயிலேறி வந்துவிடுவார். வந்ததும் ஏசியை அணைக்கச் சொல்வார், மத்தியானச் சாப்பாட்டில் ஹோளிகே, அதாவது நம்ம போளி, உண்டா என்று விசாரிப்பார், அப்புறம் வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "தைரியமா புதுசா எதையாவது செய்யுங்கப்பா" என்று ஆசீர்வதிப்பார். உள்ளே போய் உட்கார்ந்ததும், புதிதாக எது வந்தாலும் தலையில் ஒரு தட்டு.

எப்படித் தட்டுவார்? ஒரே ஒரு கேள்விதான். "இது நடக்கும்னு என்ன ஆதாரம்?" ஆதாரம் வேண்டுமென்றால் ஆய்வு செய்ய வேண்டும், ஆய்வுக்குக் கருவி வேண்டும், கருவிக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்காகத்தான் அந்தப் பிள்ளை எதிரே வந்து நிற்கிறது. இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

எங்கள் தலைவர் பேராசிரியர் வீரபத்ரப்பா அங்கடி. நான் அந்தக் குழுவில் மூன்றாவது நாற்காலி.

போன மார்ச்சில் முதலில் வந்தவன் நாகேஷ் முதகல், விவரமான ஆள். ஆய்வை முந்தின வருஷமே முடித்து, முடிவை இழுப்பறையில் பூட்டிவிட்டு, அதையே இனிமேல்தான் செய்யப் போவதாக விண்ணப்பித்திருந்தான். எங்கள் உலகத்தில் இது ஏமாற்று வேலை இல்லை, சம்பிரதாயம். கிடைக்கிற பணத்தில் அடுத்த ஆய்வைச் செய்து, அதையும் பூட்டி வைத்துக்கொண்டு, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

"போன வருஷம் கிடைச்ச... மன்னிச்சிக்கங்க சார், அடுத்த வருஷம் கிடைக்கப்போற முடிவு இது" என்று திரையைக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அங்கடிக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களா! இன்னும் தொடங்கவே இல்ல, தசமப் புள்ளி வரைக்கும் சொல்றான். இதுதான்யா தொலைநோக்கு!"

அடுத்து தார்வாடிலிருந்து மேதினி ஹொசமனி. சோளத்தின் வேரை ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை, மழை பொய்த்த வருஷத்தில் பயிரைக் காப்பாற்றுகிறதா என்று அவள் பார்க்க வேண்டும். இந்த நிதிக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு ஏப்ரலில் அது முடிகிறது. நிதி கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் தற்காலிக வேலையும் போய்விடும். எல்லாம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

"காப்பாத்தும்னு என்னம்மா ஆதாரம்?"

"தெரியாது சார். அதைத்தான் பாக்கணும்."

தெரியாது என்று அங்கே அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"வேற யாராச்சும் செஞ்சிருக்காங்களா?"

"இல்ல சார்."

"ஏன் செய்யல? ஏதோ காரணம் இருக்கணுமில்ல?"

"யாராவது செஞ்சிருந்தா, மறுபடி எதுக்குன்னு கேட்டிருப்பீங்களே சார்?"

அங்கடி கோபப்படவில்லை. தங்கமான மனிதர். "முதல்ல செஞ்சு காட்டும்மா. அப்புறம் அதைச் செய்யப் பணம் தரோம்."

"நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா, அதுக்குப் பேரு ஆராய்ச்சியா சார்?"

"நல்லாத்தான் கேக்கற. இப்படிச் சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கியா?"

எனக்கு அந்தப் பெண்ணுக்குத்தான் அதிக மதிப்பெண் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் என் சொந்த விண்ணப்பம் ஒன்று வேறொரு குழுவில் கிடந்தது. அதற்கும் அங்கடிதான் தலைவர். அவர் போட்ட எண்ணை எட்டிப் பார்த்து நானும் அதையே போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அவளுக்குப் போன கடிதத்தை எழுதியதும் நான்தான். "மிக அருமையான யோசனை. போதிய ஆதாரத்துடன் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்." அடுத்த ஆண்டு அவளுக்கு வயது தாண்டிவிடும் என்று தெரிந்தே எழுதினேன். அங்கடி படித்துவிட்டு, "பாவம், நல்ல பொண்ணு, கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்" என்று 'மிக'வுக்கு முன்னால் இன்னொரு 'மிக' சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மேதினி இப்போது ஹூப்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள். அந்தப் பூஞ்சை சோளத்தைக் காப்பாற்றுமா? இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அங்கடியைத் திட்டுகிறீர்களா? தாராளமாகத் திட்டுங்கள், என்னையும் சேர்த்தே திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். போன வாரம் உங்கள் மகள் வந்து, இருக்கிற வேலையை விட்டுவிட்டு, நம் குடும்பத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறேன் என்றாளே, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே அவளிடம் என்ன கேட்டீர்கள்?