அருள் கசிந்த அம்பர்க் கல்

எஸ்பியர் துறைமுக மண்டபத்துக்கு வெளியே கூட்டம் மீன் சந்தை வரை நின்றது. மழையாவது, காற்றாவது! உள்ளே டோர்கில் மகான் இருக்கிறாரே. மரப்பிசின் இறுகிக் கல்லான அவருடைய மஞ்சள் அம்பரில் கைபேசியை ஒற்றி எடுத்தால் போதும், நீங்கள் போடும் வீடியோ உலகெங்கும் பறக்கும். பறக்கவில்லையா? உங்கள் நம்பிக்கை போதவில்லை. இன்னொரு சீட்டு வாங்கி மறுபடி ஒற்றலாம். மகானுக்கு அத்தனை பெரிய மனசு.

அஸ்கர் ஊர் ஊராக அவர் பின்னால் அலைந்தான். மீனைப் புகையில் வாட்டி விற்கும் தன் கொட்டகையைப் பூட்டிவிட்டான். விலாங்கு மீனோடு அவன் ஆடிய நடனம் பறக்கப்போகிறதே! இதுவரை பார்த்தவர்கள் ஏழு பேர், அவனையும் சேர்த்து.

“முந்தாநாள் இந்தப் பொண்ணு கல்லைத் தொட்டா,” மேடையில் முழங்கினார் மகான். “இன்னைக்கு இவ வாத்து தும்மினதை இருபது லட்சம் பேர் பார்த்துட்டாங்க!”

மண்டபம் அலறியது. அஸ்கருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது அவன் அக்கா குட்ரூன் மேடை ஏறினாள். மிட்டாய் காய்ச்சி விற்பவள். ஒரு வாரமாகக் கல்லைத் துடைக்கும் தொண்டு செய்துவந்தாள். அக்காவுக்கும் பக்தி வந்துவிட்டதென்று அஸ்கர் பூரித்திருந்தான். அவள் கல்லை எடுத்தாள். வாயில் போட்டாள். கடக், முடக்.

“அக்கா! கல்லைத் தின்னுட்டியே!”

“கல்லா? நான் காய்ச்சின மிட்டாய்டா தம்பி. நெசக் கல்லைப் போன வாரமே மாத்திட்டேன்.” பையிலிருந்து அம்பரை எடுத்துக் காட்டினாள். “போனெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுச்சே, ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?”

வரவில்லை. அதற்கு ‘அருள் கசிவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அஸ்கர் அதைக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டிருந்தான்.

மகான் சமாளித்தார். “என் கை பட்டா மிட்டாயும் கல்லுதான்!”

“அப்படியா? தொட்டும் வீடியோ பறக்காதவங்க எந்திரிங்க.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. வாத்துக்காரியைத் தவிர மண்டபமே எழுந்து நின்றது. ஒருவரை ஒருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டார்கள்.

“ஆயிரம் பேர் போட்டா ஒண்ணு ரெண்டு எப்படியும் பறக்கும். நூறு பேர் பார்த்ததைத்தான் லட்சம் பேர் பார்ப்பாங்க, மிச்சமெல்லாம் ஈ ஓட்டும். இவர் பறந்ததை மட்டும் மேடை ஏத்துறார். மத்தவங்க நீங்கெல்லாம் வீட்டுக்குப் போய் உங்களையே திட்டிக்கிறீங்க.”

அன்று நிஜமாகப் பறந்தவர் மகான்தான், பின்வாசல் வழியாக.

அஸ்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்க் கொட்டகையைத் திறந்தான். அக்கா கல்லைக் கடித்த வீடியோவோ, எந்தக் கல்லையும் தொடாமலே நாடெங்கும் பரவியது. விளைவு? மறுநாள் மிட்டாய்க் கடை வாசலில் நீண்ட வரிசை. எல்லார் கையிலும் கைபேசி.

“அந்த ராசியான மிட்டாய்ல ஒரே ஒரு தடவை ஒத்திக்கட்டுமா?” என்றாள் முதலில் நின்ற வாத்துக்காரி.

குட்ரூன் கதவில் பலகை மாட்டினாள்: ‘இங்கே மிட்டாய் மட்டுமே கிடைக்கும். இனிமேல் யார் கல்லை நீட்டினாலும் முதலில் கடித்துப் பாருங்கள்.’