ஏகநாதன் கார் தாழ்ந்த வரலாறு

மனித குலம் கண்ட முன்னேற்றங்கள் எல்லாம் இதுவரை உயரத்தை நோக்கியே நடந்திருக்கின்றன. தாழ்வை நோக்கியும் முன்னேற முடியும் என்று உலகுக்கு நிரூபித்த ஊர் நீலகிரி மலையில் இருக்கிற எங்கள் அருவங்காடு. நிரூபித்தவர் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பில் என் எதிர்வீட்டுக்காரர் திரு. ஏகநாதன். அதற்குப் பயன்பட்ட கருவி, கோயமுத்தூரில் யாரோ ஒரு கல்லூரி மாணவன் ஓட்டி அலுத்துப்போய் விற்ற சிவப்பு நிறச் சின்னக் கார். 'ஸ்போர்ட்ஸ்' என்று அதன் இடுப்பில் சாய்வாக எழுதியிருக்கும். குடியிருப்பு வாகன அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. எனக்குச் சொந்தமாக வாகனம் எதுவும் கிடையாது. அதனால் நடுநிலை தவற மாட்டேன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கார் வாங்கிய காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு அற்பமானது. ஏகநாதனின் மனைவி தனபாக்கியம் அரசுப் பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியை பதவிக்கான வரிசையில் அந்த அம்மாளின் பெயர் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. பதவி வந்தால் மலையில் எந்த மூலைக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"எங்க போட்டாலும் மழையில நனையாமப் போய்ச் சேரோணுங்க. அதுக்கு ஒரு காரு இருந்தாப் போதும்" என்றார் டீச்சர்.

ஒரு காரைப் பற்றி இவ்வளவு குறுகிய எண்ணம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். ஏகநாதன் அப்படிப்பட்டவர் அல்லர். கார் வந்த அன்றே அதை வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, பம்பருக்குக் கீழே முழங்கையை விட்டுப் பார்த்தார். "ரொம்ப ஒசரமா நிக்குதுங்க" என்றார் வருத்தத்தோடு. அன்று தொடங்கியது 'அபிவிருத்தி'.

குன்னூரில் லோயிஸ் என்றொரு நிபுணர் ஷெட் வைத்திருந்தார். வருகிற காரைப் பார்த்ததும் முதலில் உச்சுக் கொட்டுவார். அந்த ஒலியிலேயே கார்க்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை லோயிஸ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்.

முதலில் சைலன்சர் மாறியது. வேலை செய்துகொண்டிருந்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யாத சைலன்சர் ஒன்றை மாட்டினார்கள். அதன் பிறகு ஏகநாதன் குன்னூரில் காரைக் கிளப்பினால் வெலிங்டனில் தொட்டில் குழந்தை அழும். அவர் வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததால், இது ஒரு பொதுச்சேவை என்று சங்கம் தீர்மானம் போட்டது.

அடுத்தது ஸ்பிரிங்.

"ரெண்டு சுத்து வெட்டிவிட்டோம்னா ரோட்டோட ஒட்டிக்கிட்டே போகும் சார்" என்றார் லோயிஸ்.

"வளைவுல?"

"வளைவே தெரியாது சார்."

சொன்னது சரிதான். வளைவு தெரியவில்லை. பள்ளங்கள்தான், இதுவரை இருப்பதே தெரியாத பள்ளங்கள் உட்பட, முதுகெலும்பு வழியாகத் தெரிய வந்தன. ஏகநாதன் அதை 'ரோட்டோடு பேசுவது' என்று விளக்கினார்.

பிறகு எடைக் குறைப்பு இயக்கம் வந்தது. எடை என்று ஏகநாதன் சொன்னது தம் தொப்பையை அல்ல, காரின் பின்சீட்டை. அது கழற்றப்பட்டு அவர் வீட்டு முன்னறையில் சோபாவாகப் பதவியேற்றது. அடுத்து ஹீட்டர் போயிற்று. மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைகிற ஊரில், ஹீட்டர் 'இஞ்சினின் இழுவையைக் கெடுக்கிறது' என்று கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தான். அதே பனியில் இஞ்சினுக்குச் சளி பிடிக்காமல் இருக்க வீட்டிலிருந்த நல்ல கம்பளி வெளியே போனது.

"கம்பளி எங்கீங்க?" என்று டீச்சர் கேட்டது என் வீட்டு ஜன்னல் வரை கேட்டது.

"காருக்குப் போத்தீருக்குது."

"அப்ப எனக்கு?"

"நீ என்ன காரா?" என்றார் ஏகநாதன்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாம் குளிக்கும் முன்பே காரை வெந்நீரில் குளிப்பாட்டுவார். மழையில் எடுக்க மாட்டார், துரு ஏறும். மூடுபனியில் எடுக்க மாட்டார். விளக்குக்குள் ஈரம் கோக்கும். வெயிலில் எடுக்க மாட்டார்; சிவப்பு வெளிறிவிடும். நீலகிரியில் இந்த மூன்றும் இல்லாத நேரம் வாய்த்தால் குன்னூர் வரை போய், லோயிஸைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். டீச்சர் வழக்கம்போலக் குடையும் கையுமாகக் கேத்திப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தார்.

இதற்குள் கார் எவ்வளவு தாழ்ந்துவிட்டதென்றால், குடியிருப்பு வாசலில் இருக்கிற வேகத்தடையை அதனால் தாண்ட முடியவில்லை. காரை உயர்த்துவது பிற்போக்கு. ஆகவே வேகத்தடையை இடிக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தோம். பால்வாடிக்குக் குழந்தைகளை அனுப்பும் பெண்கள் கூட்டமாக வந்து நின்றதால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. பதிலுக்குப் 'பலகைத் திட்டம்' அறிவித்தோம். கார் வெளியே போகும்போதெல்லாம் உறுப்பினர் இருவர் ஓடிப்போய் வேகத்தடைக்கு முன்னும் பின்னும் பலகை போடுவார்கள். கார் அதன்மேல் மணமேடை ஏறுவதுபோல் ஏறி இறங்கும்.

கடைசியாக வந்தவை முன்சீட்டுகள். பந்தயக் கார்களில் இருப்பது போன்ற பள்ளமான இருக்கை, அதற்கு நான்கு பட்டை வைத்த பெல்ட். வயிற்றருகே நான்கும் ஒரு பூட்டில் வந்து சேரும். "எங்கியோ வெளிநாட்டுப் பந்தயத்துல ஓடுன காருல இருந்து கழட்டுனதுங்க" என்று ஏகநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கோயிலில் பேசுவதுபோலப் பேசினார்.

இந்த நிலையில்தான் தனபாக்கியம் டீச்சருக்கு உத்தரவு வந்தது. ஊட்டியையும் தாண்டி இருக்கிற நடுவட்டம் பள்ளிக்குத் தலைமையாசிரியை. திங்கட்கிழமை முற்பகலுக்குள் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் பதவி உயர்வு உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படும். பதவி வரிசையில் அடுத்தவருக்குப் போகும். அந்த அம்மாள் உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிறு சாயந்திரம், மறுநாள் பஸ் ஸ்டிரைக் என்று செய்தி வந்தது. டீச்சர் ஊட்டிக்குப் போன் போட்டு ஒரு வாடகை ஜீப் ஏற்பாடு செய்தார். ஏகநாதன் துடித்துப்போனார்.

"ஊட்டுல இப்பேர்ப்பட்ட காரை வெச்சுக்கிட்டு வாடகை ஜீப்பா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசீட்டுப் போறாங்க. நான் போய்ச் சேரோணுமுங்க."

"நானே கூட்டிப் போறன். உனக்காகத்தானே இத்தனையும் செஞ்சு வெச்சிருக்கேன்?"

கணவன் கண் கலங்கினால் என்ன செய்வது? டீச்சர் ஜீப் வேண்டாமென்று சொல்லிவிட்டார். காலையில் மாவட்டத்து ஜீப்புகள் எல்லாம் யார் யாருக்கோ பேசி முடிந்திருந்தன.

திங்கட்கிழமை காலை வழியனுப்பு விழா. சங்கத் தலைவர் இராஜமாணிக்கம் தலைமை தாங்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் பாக்கெட்டில் ஒரு சிவப்புக் கொடி மடித்து வைத்திருப்பவர். டீச்சர் பட்டுச் சேலையோடு அந்தப் பள்ள இருக்கையில் இறங்கி அமர்ந்ததும், தலைவரே தம் கையால் பெல்ட்டை இழுத்து இறுக்கிப் பூட்டினார்.

"மூச்சு உடோணுமுங்களே" என்றார் டீச்சர்.

"நடுவட்டத்துல போய் உட்டுக்கலாம் அம்மிணி. பாதுகாப்பு முக்கியம்."

திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கப்பட்டது. கார் நகர்ந்ததும் பூசணித் துண்டுகள் பம்பருக்கு அடியில் சிக்கிக் கரகரவென்று கூடவே வந்தன. எல்லோரும் கைதட்டினோம். வாசலுக்குப் போனபோதுதான் பலகைகள் இல்லாதது தெரிந்தது. இரவுக் காவல்காரர் குளிர் தாங்காமல் அவற்றை எரித்துக் காய்ந்துவிட்டிருந்தார்.

"சாய்ச்சு ஏத்தீருவனுங்க" என்று அறிவித்த ஏகநாதன், சாய்த்து ஏற்றினார். காரின் வயிறு வேகத்தடையில் உட்கார்ந்தது. சக்கரங்கள் சும்மா சுழன்றன. கார் தராசு மாதிரி முன்னும் பின்னுமாக ஆடி, நின்றது.

நாலு பேர் சேர்ந்து தூக்கினால் அந்தச் சின்னக் கார் எழுந்துவிடும். தூக்கத்தான் போனோம்.

"யாரும் தொடப்படாது!" என்று கத்தினார் இராஜமாணிக்கம். சிவப்புக் கொடி வெளியே வந்தது. விபத்துக்குள்ளான பொருளை விசாரணை முடியும் வரை உள்ளது உள்ளபடி வைத்திருக்க வேண்டும் என்பது தொழிற்சாலையில் அவர் ஆயுள் முழுக்கக் காப்பாற்றிய விதி. எங்களில் பாதிப்பேர் அவரிடம் வேலை பார்த்தவர்கள். கால்கள் தாமாகவே பின்னால் போய்விட்டன. அவர் காரைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட ஆரம்பித்தார். உள்ளே டீச்சர் இருந்தார்.

"நான் நடந்தாவது ரோட்டுக்குப் போறேன். பெல்ட்டைக் கழட்டுங்க" என்றார் டீச்சர்.

ஏகநாதன் பூட்டை அழுத்தினார். குத்தினார். ஊதினார். வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓடிய பூட்டு அசையவில்லை.

அந்த நேரத்தில், குன்னூரில் தேயிலை மூட்டைகளை இறக்கிவிட்டு நடுவட்டம் திரும்பிக்கொண்டிருந்த எஸ்டேட் வேன் ஒன்று வாசலில் நின்றது. டீச்சர் எங்கே போக வேண்டும் என்று யாரோ சொல்ல, டிரைவர் ஆறுக்குட்டி தலையை நீட்டினார்.

"டீச்சரே, நடுவட்டத்துக்கா? கேறுங்க. ஸ்கூல் வாசல்லயே எறக்கி விடறேன்."

"கட்டிப் போட்டிருக்காங்க தம்பி" என்றார் டீச்சர்.

ஆறுக்குட்டி இறங்கி வந்து பார்த்தார். வேனுக்குத் திரும்பிப் போய், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு வந்தார். ஒரே இழுப்பில் வேலை முடிந்திருக்கும். ஏகநாதன் குறுக்கே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுக்காதீங்க! ஒரு பட்டை போனாச் செட்டே போச்சு. இந்த மாதிரி இனிக் கெடைக்காதுங்க!"

"ஏனுங்க" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "பெல்ட்டு போனா வேற பெல்ட்டு. என்ற வேலை போனா?"

ஏகநாதன் யோசித்தார். இதைப் பதிவு செய்யாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். மனிதர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியில் கோடுகள் தெரிந்தன. பிறகு சொன்னார்:

"லோயிசுக்குப் போன் பண்ணீட்டேன். வந்தா நோகாமக் கழட்டீருவாரு. கொஞ்சம் பொறுத்துக்க பாக்கியம்."

எனக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் சங்க விதிப்படி செயலாளர் கோபப்படத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். தலைவர் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறுக்குட்டி முடிந்தவரை காத்திருந்தார். ஹாரன் அடித்தார். ஏகநாதன் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க போங்க, நாங்க பின்னாலயே வந்தர்றம்" என்றார். வேன் ஊட்டி ரோட்டில் ஏறி வளைவில் மறைந்தது. கண்ணாடி வழியாக டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

லோயிஸ் வந்தபோது முற்பகல் முடிந்துவிட்டது. பூட்டின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், திறந்துகொண்டது. "சூப்பர் ஐட்டம் சார், கீறலே இல்ல பாருங்க" என்று பெல்ட்டைத் தடவிக் கொடுத்தார். தலைமையாசிரியை நாற்காலி வரிசையில் அடுத்தவருக்குப் போனது.

விசாரணை முறைப்படி நடந்தது. வேகத்தடை, பூசணிக்காய், குளிர் ஆகிய மூன்றும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. காரின் அடிவயிற்றில் ஒரு நீளமான கீறல் விழுந்திருந்தது. அதைப் பார்த்த ஏகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறுதல் சொல்லப் போன எங்களுக்கு டீச்சர்தான் காபி போட்டுக் கொடுத்தார்.

சில நாள் கழித்து ஏகநாதன் என்னிடம் வந்தார்.

"அவ மனசு நொந்து கெடக்குதுங்க. இந்தக் காருல அவளுக்குன்னு ஏதாச்சும் செய்யோணும்."

"பின்சீட்டைத் திரும்ப மாட்டலாமே" என்றேன்.

"அது வெயிட்டுங்க."

அன்றே குன்னூர் போய் வந்தார். காரின் பின்கண்ணாடியில், அகலமான தங்க நிற எழுத்துகளில், 'தனபாக்கியம்' என்று பளபளத்தது. எடை கூடவில்லை என்று லோயிஸ் உறுதி கொடுத்தாராம்.

மறுநாள் தூறலில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் டீச்சர் நின்று அதைப் படித்தார். குடையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். சங்கத்தின் சார்பில் நான் திரு. ஏகநாதனைப் பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். மனைவிக்கென்று வாங்கிய காரில் கடைசியில் மனைவிக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்: கண்ணாடிக்கு வெளியே, மழை படுகிற பக்கம்.