நீ உலர்த்தி வைத்துவிட்டுப் போன காளான்

அன்பும் அவ்வப்போது அதட்டலும் நிறைந்த என் வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குளியலறைக் குழாயும் சொட்டுச் சொட்டாக நலம். அங்கு நீயும், கால் முறிந்த உன் அக்காவும் தேறி வருவீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிடுவாய், ஆதலால் கடிதம்.

நிற்க. விஷயம் காளான். நீ நறுக்கி உலர்த்தி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து, "இருட்டு அலமாரியில இருக்கட்டும், மூடியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா, அதை எடுத்துப் பார்த்தால், படக்கென்று முறிய வேண்டியது பழைய செருப்பு வார் மாதிரி வளைகிறது, ஈரம் கோத்துவிட்டது, சரி, மறுபடி காயவைப்போம் என்று செய்தித்தாளில் பரப்பி ஜன்னலோரம் வைத்து ஃபேனைப் போட்டேனா, பாதிக் காளான் வெளியே பறந்து, கீழ்வீட்டுத் தையல்காரர் கொடியில மாட்டியிருந்த வெள்ளைக் கவுன் மேல போய் உட்கார, மனுஷன் சுருண்ட துண்டுகளைக் கை நிறைய அள்ளிக்கிட்டு மேலே ஓடி வந்து, "சார், உங்க வீட்டிலேர்ந்து காது காதா விழுதே, யாரோடது?"ன்னு கேட்கிறார்!

மிச்சத்தை வாணலியில லேசா வாட்டலாம்னு போட்டேன். கிளம்பிச்சு பாரு, மாடிப்படி பூரா நீ சூப் வைக்கிற வாசனை. தையல்காரர் சம்சாரம் படியேறி வந்து, "அக்கா வந்துட்டாங்களா?"ன்னு உன்னைத் தேடி ஆசையா எட்டிப் பார்த்தாங்க. "இல்லம்மா, காளான்தான்"னேன். அவங்க இறங்கிப் போறதைப் பார்த்துக்கிட்டே வாசல்ல நின்னேன். அதுக்குள்ள வாணலியில எல்லாம் கரி.

ஈரம் எப்படி உள்ளே போச்சுன்னுதானே கேட்கிறே? லிப்ட் வேலையில காலமெல்லாம் கதவு சரியா சாத்தியிருக்கான்னு பார்த்தவனுக்கு ஒரு பாட்டிலை மூடத் தெரியாதா? தெரியும். சாயங்காலமானா திறந்து மோந்து பார்ப்பேன், அவ்வளவுதான். வீட்டுல வேற எதுலயும் உன் சமையல் வாசனை மிச்சமில்லை.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவசரப்படாமல், அக்கா நன்றாக நடக்கும்வரை இருந்து, நிதானமாக வா. அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், அக்காவின் காலுக்குத் தனி விசாரிப்பும்.

இப்படிக்கு,
காளான் காக்கத் துப்பில்லாத உன் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா போன் பண்ணினாங்க. கட்டுப் பிரிச்சு நாளாச்சாம், கடைக்கே நடந்து போறாங்களாம். "நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம், அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கா"ன்னு சிரிக்கிறாங்க. மேலே "ஒரு குறையும் இல்லை, நிதானமாக வா" என்று எழுதியதை நம்பாதே. இதைத் தபாலில் போடவில்லை; பஸ் ஏறி நானே கொண்டு வருகிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார், எதிரில்தான் நிற்பேன். வா, வீட்டுக்குப் போகலாம்.