தானாக ஓடும் படிக்கும் நூறு

மேக்கணக்கு,
நோட்டன் பிரிட்ஜ்.
ஆவணி, 2003

மஸ்கெலியாவில் புருசன், பிள்ளைகளோடு சௌக்கியமாக வாழும் அன்புத் தங்கை சண்முகவடிவுக்கு, உடம்பில் ஒரு குறையும் இல்லாத அண்ணன் நல்லமுத்து எழுதிக்கொள்வது. இங்கு மழை, மற்றபடி நலம்.

உன் மகள் இராஜகுமாரியின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. தாய்மாமன் வராமல் எப்படி என்று கேட்டிருக்கிறாய், நியாயம்தான். ஆனால் மழையில் பஸ் வருவது நிச்சயமில்லை, கோழி அடைகாக்கிறது, வேட்டியும் காயவில்லை. விழுந்துவிடுவோமென்று பயந்துதான் அண்ணன் வரவில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதே. போன கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து லோஜனா என்று யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் நம் தோட்டத்து லயத்துக்கே வந்து, வயசாளிகளை வரிசையாக உட்காரவைத்து, "ஐயா, படியிறங்கேக்க விழமாட்டன் எண்டு நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்டார். எனக்கு உடனே விளங்கிருச்சு. வேலை குறைஞ்சா, மேற்பார்க்கிற கண்டாக்கையா அரைநாள் சம்பளம்னு அரைப்பேர் போட்டு மானத்தை வாங்குவாரே, அதே கணக்குத்தான். தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடிச்ச காலத்திலேயே அரைப்பேர் வாங்காதவன் இப்பவா வாங்குவேன்? "நூறு போடுங்க"ன்னேன். "கதிரையில ஏறி நிக்கேக்க?" என் காம்பராவுல உட்காரக் கதிரையே இல்ல, இருந்தாலும் நூறு. "கொழும்பில தானா ஓடுற படி இருக்கு, அதில?" படி எங்கயாச்சும் ஓடுமா வடிவு? "ஓடுனா ஓடட்டும், நூறு!" பக்கத்துக் காம்பரா மீனம்மா வெக்கமில்லாம, "படியிறங்கிப் பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போகவே காலு நடுங்குதும்மா, பத்துப் போடுங்க"ன்னுட்டா. அடிப்பாவி, அரைப்பேர்கூடத் தேறாதேன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, கொறைச்சுச் சொன்னவங்களுக்கெல்லாம் ரப்பர் பூண் போட்ட கைத்தடி, நடக்கப் பழக்கிவிட வாராவாரம் மிஸ் வேற! எனக்கு, "ஐயா, நீங்க நல்லா இருக்கிறியள்"னு ஒரு சிரிப்போட சரி. இப்ப மீனம்மா டக்கு டக்குன்னு பீலிக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தண்ணி கொண்டாறா. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஆக, நூற்றுக்கு நூறு வாங்கிய மனுசனைப் பற்றி அங்கே வேறு பேச்சு வேண்டாம். மணமக்களுக்கு மாரியம்மா என்றும் துணையிருப்பாள். மச்சான் ஆண்டியப்பனுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அண்ணன் நல்லமுத்து

பி.கு.: கோழியை மீனம்மா பார்த்துக்கிறாளாம். வேட்டியும் காய்ஞ்சிருச்சு. பங்குனியில பீலிப் படியில விழுந்ததுலேருந்து நான் லயத்தை விட்டு எறங்கவே இல்ல வடிவு. பயமா இருக்கு. ஆனா நம்ம புள்ளைக்கு மாமன் மாலையை வேற எவனும் போடக் கூடாது. முதல் நாளே மச்சானை இங்க அனுப்பு. கையப் பிடிச்சு எறக்க வந்தாருன்னு யாருகிட்டயும் சொல்லிடாத, சீர்த்தட்டுத் தூக்க வந்தாருன்னு சொல்லு.