பால்கோவா ஆராய்ச்சி

செட்டியார்பட்டி நாய்க் காப்பகத்தின் பின்பக்கத் தொட்டியடியில் நின்று, தேவஇரக்கம் தன் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் காப்பகத்தை நடத்துகிற கேத்ரின் டீச்சர் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணாச்சி, நெதர்லாந்துலருந்து ஒரு பொண்ணு வருது. நம்ம நாட்டச் சுத்திப் பாக்க வந்த பிள்ளை. ரெண்டு வாரம் நம்ம நாய்களுக்கு வேலை செய்யணும்னு ஆசைப்படுது. தங்குறதுக்குச் சொல்லி வச்சிருந்த வீட்ல அம்மை போட்டிருக்கு. உங்க மாடி சும்மாதான கெடக்கு?"

"எங்க வீட்லயா? நான் இங்க வாரதே அன்னாளுக்குத் தெரியாதே, டீச்சர்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "தெரியும் அண்ணாச்சி. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தேவஇரக்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பனிமலையில் காவல் நின்றவர். அவருக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால், அது மனைவி அன்னாள் அழுவதைப் பார்ப்பதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாபு செத்துப்போனது. பதினோரு வருஷம் வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளையாக வளர்ந்த நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து எத்தனையோ சாவைப் பார்த்த அன்னாள், பத்து நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள். கொல்லையில் குழி மூடிய கையோடு தேவஇரக்கம் சொன்னார், "இனிமே நம்ம வீட்டுக்கு நாயே வேண்டாம் அன்னாள்." அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டே, "வேண்டவே வேண்டாம்ங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேச்சுதான் முடிந்தது. மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. ராஜபாளையத்தில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போகிறேன் என்று திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பஸ் ஏறுவார். காப்பகத்தில் கூண்டு கழுவுவார், சோறு வைப்பார், உண்ணி எடுப்பார். கிளம்புமுன் கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளித்து, பையில் வைத்திருக்கும் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொள்வார். "சங்கத்துல தெனம் குளிக்கவா செய்யுதீங்க?" என்று அன்னாள் ஒரு தடவை கேட்டதற்கு, "மிலிட்டரின்னா சுத்தம்" என்று சமாளித்திருக்கிறார்.

அங்கே ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் இருந்தது. பைபாஸில் லாரி அடித்துப் பின்னங்கால் ஒன்று நொண்டி. நொண்டினாலும் நடையில் ஒரு மிடுக்கு. தன்னைவிட மேல் பதவியில் இருக்கட்டும் என்று அதற்கு சுபேதார் என்று பெயர் வைத்து, போகிற போதெல்லாம் ஒரு சல்யூட் அடிப்பார். அது அவர் தொடையில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் மனுஷன் வாரம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வந்து சேர்ந்த பெண்ணின் பெயர் லோட்டே. ஆறடி உயரம், செம்பட்டை முடி, முதுகில் ஒரு மூட்டை. போனை வைத்தே ஓரளவு தமிழ் படித்திருந்தாள்.

"என்னது, லோட்டாவா?" என்றாள் அன்னாள். "நல்ல பேருதான். வா தாயி. பிள்ளை எதுக்குங்க நம்ம ஊருக்கு வந்திருக்கு?"

தேவஇரக்கம் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யவில்லை. எதிர்த்த கடைப் பலகை கண்ணில் பட்டது.

"பால்கோவா" என்றார். "பால்கோவா ஆராய்ச்சி."

"அதுக்காகவா அங்கருந்து வந்திருக்கு?"

"பெரிய படிப்பு படிக்குது."

அன்னாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பம் நம்ம பொன்னுராஜ் இருக்கானே, எங்க பெரியம்மா மகன். பால்கோவா அடுப்புதான வச்சிருக்கான். செவ்வாயும் வியாழனும் நானே கூட்டிட்டுப் போறேன்."

தேவஇரக்கத்துக்குத் திக்கென்றது. "மத்த நாள் நான் ராஜபாளையம் கூட்டிட்டுப் போறேன்."

"ராஜபாளையத்துல ஏதுங்க பால்கோவா?"

"அதான் ஆராய்ச்சி. ஏன் இல்லைன்னு."

மாடிப்படியில் வைத்து அவர் லோட்டேயிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "அம்மா முன்னால நாய்னு வாயத் திறந்துராத பிள்ளை. அம்மா அழுவா. அவளால தாங்க முடியாது." லோட்டே நெஞ்சில் கை வைத்து, "சத்தியம்" என்றாள்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் போனது, குட்டிகள் அவள் கால்சட்டையைக் கிழிக்கிறவரை.

"இது என்ன தாயி, இப்படிக் கிழிஞ்சிருக்கு?" அன்னாள் குனிந்து பார்த்தாள்.

"கன்னுக்குட்டி" என்று முந்திக்கொண்டார் தேவஇரக்கம். "பால்கோவான்னா பால் வேணும். பாலுன்னா மாடு. மாடுன்னா கன்னுக்குட்டி இருக்கத்தான செய்யும்."

அன்னாள் ஊசியும் நூலும் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அன்னாளோடு போய்விட்டு வந்ததிலிருந்து அந்தப் பெண்ணின் போக்கே மாறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அவரை ஒரு பார்வை, அன்னாளை ஒரு பார்வை பார்ப்பாள். திடீரென்று துண்டால் வாயை மூடிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள்.

"பால்கோவா அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கிடலை போல" என்றார் தேவஇரக்கம்.

"இருக்கும்ங்க" என்றாள் அன்னாள், ரசத்தைப் பார்த்தபடி.

ஆனாலும் ஆராய்ச்சி என்றால் அத்தாட்சி வேண்டாமா? புதன்கிழமை அவர் அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்தார். வியாழக்கிழமை அன்னாள் ஒரு கிலோ கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை மறுபடி இவர். பிரிட்ஜில் தயிர் வைக்க இடமில்லை. தேவஇரக்கத்துக்கு சர்க்கரை வேறு. தெருவில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அவர் தலையைக் கண்டாலே பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் கதவைச் சாத்த ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு முனீஸ்வரி மட்டும் விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள். வாசலில் லோட்டேயை மறித்துக்கொண்டாள். "தெனம் போயி என்னதான் கத்துக்கிட்ட? எங்கிட்டயும் சொல்லேன்."

லோட்டேக்குப் பொய் வராது. "தினமும் குளிக்க வைக்கணும். காதுல பூச்சி இருக்கான்னு பாக்கணும். பயந்தா மடியில வச்சுத் தடவணும்."

முனீஸ்வரி தேவஇரக்கத்தைப் பார்த்தாள்.

"பசுவச் சொல்லுது" என்றார் அவர். "அந்த நாட்டுல அப்படித்தான் பால் கறப்பாவளாம்."

இத்தனையும் தாங்கிக்கொண்ட மனுஷனை அடுத்த புதன்கிழமை கேத்ரின் டீச்சர் சாய்த்துவிட்டார். "அண்ணாச்சி, மகாராஜபுரத்துலருந்து ஒருத்தர் வந்தார். தென்னந்தோப்புக்குக் காவலா நாய் வேணுமாம். சுபேதாரைக் கேட்கார். சங்கிலில கட்டித்தான் போடுவாராம். என்ன செய்யச் சொல்லுதீங்க? நாப்பது நாய்க்கு உள்ள எடத்துல எழுபது கெடக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு வாராரு."

சுபேதார் அவர் தொடையில் தலை வைத்திருந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"முன்னாடியே வேற யாராச்சும் மனு குடுத்தா?"

"யார் முந்துதாங்களோ அவங்களுக்கு. ஆனா இப்பம் புது மனுப் பாரம். லோட்டா போட்டுக் குடுத்தது. அவங்க ஊர்ல வீட்ல உள்ளவங்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டாத்தான் நாயக் குடுப்பாங்களாம். நல்ல பழக்கம்தான அண்ணாச்சி? வீட்ல கலந்து பேசுவாங்கள்லா?" டீச்சர் 'கலந்து பேசுவாங்கள்லா' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் தேவஇரக்கம் கலந்து பேசத்தான் செய்தார்.

"அன்னாள், கொல்லை சும்மாவே கெடக்கு."

"கத்தரி போடலாம்ங்க."

"சாயங்காலம் நடக்கப் போறப்பம் தொணைக்கு யாராவது இருந்தா நல்லாருக்கும்."

"நான் வாரேன்."

"கள்ளன் பயம் வேற இருக்கு."

"நீங்க மிலிட்டரிதான."

எல்லா வழியும் அடைத்தாயிற்று. நேராகவே கேட்டுவிடுவோம் என்று அவர் தொண்டையைச் செருமினார். அன்னாள் அந்நேரம் பார்த்து பாபு படுத்துக் கிடந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.  இவளை இன்னொரு தடவை அப்படி அழவிட்டுப் பார்க்க அவரால் முடியாது. அங்கே சுபேதார் சங்கிலியில் கிடக்கப் போவதை நினைத்தாலும் முடியவில்லை. "ஆமா, கத்தரியே போடுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார்.

லோட்டே படியில் உட்கார்ந்திருந்தாள். "ஐயா, கேளுங்க. வாயத் திறந்து கேளுங்க."

"கேட்டா அழுவா பிள்ளை."

லோட்டே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். வந்த பத்து நாளில் அதை நம்ம ஊர்க்காரி மாதிரியே கற்றுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அன்னாள் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து, கூடத்து மேஜையில் ஒரு தாளை நாலாக மடித்து வைத்தாள்.

"என்னங்க, எங்க மகளிர் சங்கத்துல தரங்கம்பாடி கூட்டிட்டுப் போறாவளாம். வீட்ல சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணுமாம்."

"எத்தன நாளு?"

"ரெண்டே நாளு. கொழம்பு வச்சிட்டுப் போறேன்."

"போயிட்டு வா. எனக்குச் சமைக்கத் தெரியாதா?" அவர் அவள் காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டார். மனசு முழுக்கச் சனிக்கிழமை பத்து மணியில் இருந்தது. பேனாவை மூடும்போதுதான் சுரீரென்று உறைத்தது. அடடா, கையெழுத்து வாங்குவது இம்புட்டுச் சுலபமா? நாம ஏன் இத்தனை நாள் கொல்லை, கள்ளன் என்று சுற்றி வளைத்தோம்?

மறுநாள் சாயங்காலம் அவரும் காப்பகத்து மனுவை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "பென்ஷன் பேப்பர் அன்னாள். இங்க ஒண்ணு போடு."

"கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியலையே."

"கண்ணாடி எதுக்கு? நான் சொல்லுத எடத்துல போடு."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள்.  முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவள், அவர் நீட்டிய தாளில் அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுகிறாளே என்று நினைத்துக்கொண்டே தேவஇரக்கம் தாளை மடித்தார். இப்படி ஒருத்தியைப் போய் ஏமாற்றுகிறோமே. நாயைக் கொண்டுவந்து நிறுத்தி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் மனசு இளகாதா? இளகத்தான் செய்யும். இளகாவிட்டால் நாயோடு கொல்லையிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. லோட்டேக்கு ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் காட்டக் கூட்டிப் போயிருப்பதாக அன்னாள் சீட்டு எழுதி வைத்திருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று எட்டரை பஸ்ஸைப் பிடித்தார். காப்பகத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பதேகால். தோப்புக்காரர் வர இன்னும் நேரம் இருந்தது. வழக்கம்போல் கையைத் தூக்கிக்கொண்டு சல்யூட் அடிக்கக் கூண்டுக்குப் போனார்.

கூண்டு காலியாக இருந்தது.

அலுவலக மேஜையில் சமுத்திரம் உட்கார்ந்திருந்தார். இரவுக் காவல்காரர், காலையில் டீச்சர் வருகிறவரை பதிவேட்டையும் பார்த்துக்கொள்கிறவர். பகலில் வந்துபோகிற தேவஇரக்கத்தை அவர் கண்டதே இல்லை.

"அந்த வெள்ளை நாய் எங்க?"

"குடுத்தாச்சு ஐயா. எட்டு மணிக்கெல்லாம் வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. பேப்பரை நேத்தே குடுத்திருக்காவ."

"மகாராஜபுரத்துக்காரரா?"

"இல்லை, இது வேற ஆளு. பேரு சொல்லக் கூடாதுன்னு டீச்சர் உத்தரவு."

தேவஇரக்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். எதையும் தாங்குகிற மனுஷன், ஒரு நொண்டி நாய்க்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது தெரியக் கூடாது என்று கைக்குட்டையால் மூக்கையும் சேர்த்துத் துடைத்தார்.

"சங்கிலில போட மாட்டாவள்லா?"

"பாத்தா அப்படித் தெரியலை ஐயா."

"மழை பெஞ்சா அந்தக் கால் வலிக்கும். நல்லெண்ணெய் சுட வச்சுத் தடவணும். பொறவு, ராத்திரி இடி இடிச்சா பயப்படும், பக்கத்துல ஆள் இருக்கணும். சொல்லிருங்க."

"சொல்லிருதேன். நீங்களும் மனு கொண்டாந்திருக்கீங்களோ? குடுங்க, கோப்புல போட்டு வைப்போம். வேற நாய் வந்தா கூப்பிடுதேன்."

வேற நாய் எனக்கு எதுக்கு என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் தாளை நீட்டினார். சமுத்திரம் அதை வாங்கி, கோப்பில் மேலாக இருந்த தாளின் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் ஐயா, நாயக் கூட்டிட்டுப் போன அம்மாவோட பேப்பர்ல 'வீட்டுக்காரர் சம்மதம்'னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"