புள்ளிமான் சங்கத்தின் புள்ளிவிவரம்

ஒரு காட்டில், நகரத்தை ஒட்டிய ஓரக்காட்டில், புள்ளிமான்கள்தான் பெருங்கூட்டம். குளக்கரை அவற்றின் பொறுப்பில் இருந்தது. யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சங்கத் தலைவர் மருதப்பமான் சொல்வார். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பிறகு காட்டை ஒட்டிப் புறவழிச்சாலை போட்டார்கள். நகரத்தில் இடமில்லாத ஆடுகள் வந்தன. கோயிலிலிருந்து விரட்டப்பட்ட குரங்குகள் வந்தன. குப்பைமேட்டை மூடியதும் நாய்களும் பன்றிகளும் வந்து சேர்ந்தன.

அந்த வருடம் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுக்கும் அணில் செண்பகம் படிவக் கட்டோடு வந்து, "மொத்தம் நூறு பேர், ஐயா. அதில் புள்ளிமான் நாற்பத்தேழுதான். பாதிக்கு மேல் இல்லையென்றால் குளக்கரை எல்லாருக்கும் பொது. விதி அப்படி" என்றது.

பன்றிக்குப் பின்னால் வரிசையில் நிற்பதை நினைக்கும்போதே மருதப்பருக்குக் கால் வலித்தது.

"முடித்துவிட்டாயா?"

"பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். மாலை ஐந்து மணி வரை திருத்தலாம்."

படிவத்தைப் புரட்டினார். 'புள்ளிமான்: நான்கு காலும் உடம்பில் புள்ளியும் உள்ளவர்' என்று மட்டும் இருந்தது. அவருக்கு உயிர் வந்தது.

முதலில், முயல் உயரமே உள்ள சருகுமானிடம் போனார். "தம்பி, உனக்கும் புள்ளி இருக்கிறது. நாமெல்லாம் ஒரே ரத்தம்."

"போன மாதம் என்னை எலி என்றீர்களே?"

"அது பாசத்தில் சொன்னது."

சருகுமான் கையெழுத்துப் போட்டது. அடுத்து ஒரு புள்ளி ஆடு போட்டது. நாய் மட்டும் தயங்கியது.

"முதுகில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது, அண்ணே. அதுவும் சொறி."

"புள்ளி புள்ளிதான்."

ஐம்பது ஆகிவிட்டது. இன்னும் ஒருவர் வேண்டும். அப்போது, போன வாரம் குடிவந்த சிறுத்தை அடக்கமாக வந்து நின்றது.

"கேள்விப்பட்டேன், தலைவரே. எனக்கு உடம்பு பூரா புள்ளி."

மருதப்பர் அதன் பல்லைப் பார்த்தார். குளத்தில் இறங்கி நின்ற பன்றிகளைப் பார்த்தார்.

"மணி ஐந்தாகப் போகிறது, ஐயா" என்றது அணில்.

"எழுது" என்றார்.

குளக்கரை மான்களின் கையிலேயே நின்றது. சங்கத்தில் விருந்து நடந்தது. மூன்றாம் நாள் மருதப்பரின் மைத்துனர், சங்கச் செயலாளர் பொன்னரசுமானைக் காணவில்லை. புதருக்குள் கொம்பு மட்டும் கிடந்தது. மருதப்பர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அணிலிடம் ஓடினார்.

"என் மைத்துனனைச் சிறுத்தை தின்றுவிட்டது. நடவடிக்கை எடு."

அணில் பதிவேட்டைப் பார்த்தது. "இந்தக் காட்டில் சிறுத்தையே கிடையாதே, ஐயா. நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"பின்னே தின்றது யார்?"

"ஒரு புள்ளிமான். உள்வீட்டுத் தகராறு. சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்."

அன்று மாலையே சங்கம் கூடியது. காலியான செயலாளர் பதவிக்குச் சிறுத்தை மனுக் கொடுத்திருந்தது. எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வரவில்லை. யார் வழிமொழிவது என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சிறுத்தை தலைவரைப் பார்த்தது.

மருதப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "நம்ம ஆள்தானே" என்றார்.

நீதி: ஒரு கூட்டத்தைத் தின்ன விரும்புகிறவர், முதலில் அதில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ள வேண்டும்.